ரயில்வேத் தொழிலாளி பாடிய பாட்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கே பிரிஸ்டல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் கடைவீதியின் நடுவே இரு மாநிலங்களின் எல்லைக்கோடு செல்கிறது. வீதியின் வடசிறகு வர்ஜீனியாவைச் சேர்ந்தது. தென்சிறகு டென்னஸீயைச் சேர்ந்தது. எதிர்க்கடைக்குப் போய் உப்பு வாங்கி வருபவர் ஒரு மாநிலத்தினின்று மற்றொரு மாநிலம் சென்று மீண்டவர் ஆகிறார். பிழைப்பின் பொருட்டு மாநில எல்லைகள் பலவற்றைத் தாண்டி வந்து, ஊர்ப்பயணம் என்றால் ரயிலில் இரண்டு இரவுகளைக் கணக்கிட வேண்டியுள்ள நம்மனோர்க்கு இது சற்றுப் பொறாமையைக்கூட விளைவிக்கலாம்.

1927-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், இவ்வீதியின் தென்சிறகில் தொப்பி வாணிகம் செய்த ஒரு கம்பெனியின் கட்டடத்து மேல்மாடியில், விக்டர் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் பிரதிநிதியான ரால்ப் பீர் என்பவர் தம் கருவிகளுடன் வந்து இறங்கினார். அவருடன் இரண்டு பொறியாளர் வந்திருந்தனர். எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெங்கும் கம்பளிகளைத் தொங்கவிட்டனர். மெழுகுத் தட்டைச் சீராகச் சுழலச் செய்வதற்கு, மேலிருந்து மெல்ல இறங்கும் ஒரு எடையைப் பயன்படுத்தினர். மின்சார மைக்ரோபோன் பழக்கத்துக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் பாடுவோர் ஒரு பெரிய புனலுக்குள் வாயை வைத்தாற்போல் நின்று உரக்கக் கத்த வேண்டியிருந்தது. மைக்ரோபோன் வந்த பின்னரே, மெல்லப் பாடுகிறவரும் இசைத்தட்டில் இடம்பெறக் கூடியவரானார். நாம் இங்குச் சொல்லப் புகும் மனிதரின் கதைக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. ஏனெனில் அவருக்கு உரக்கப் பாடும் வலிமை இருக்கவில்லை.

முதல் சில நாட்களில் பீரைத் தேடி வந்தவர் சிலரே. பின்னர் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு சேதி வந்தது. தச்சு வேலை செய்துவந்த ஸ்டோன்மன் என்னும் பாடகர், முந்தைய ஆண்டில் இசைத்தட்டுகளிலிருந்து மட்டும் 3,600 டாலர் பெற்றார் என்பதே அச்சேதி. அடுத்த நாள் முதற்கொண்டு மலைப்புறத்து மக்கள் பிடிலும் பாஞ்சோவும் கிதாருமாக வந்து குவிந்தனர் என்பர். பன்னிரண்டு நாட்களில் 19 குழுவினர் 76 பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவர்களுள் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ்.

இவ்வகை இசையை இன்று அந்நாட்டில் 'கன்ட்ரி' இசை என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஒரு தொல்லை. 'நாட்டிசை' எனின் தேசிய இசை போல் ஒலிக்கிறது. 'கிராமிய இசை' எனின் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் முன்வந்து நிற்கின்றன. உழவர் குடியிலும் சுரங்கத்திலும் ரயில்பாதையிலும் பிறந்து, நகரத்துக் கம்பெனிகளால் தட்டில் ஏறி, விலைக்கு விற்கப்பட்ட இசைக்கு அவ்விரண்டும் முழுதும் பொருந்தவில்லை. அக்காலத்துக் கம்பெனியார் இட்ட பெயரோ இன்னும் மோசம். மலைக்காட்டு முரடன் என்று பொருள்படும் ஒரு வசைச்சொல்லையே அவ்விசைக்குப் பெயராக வைத்திருந்தனர். பாடியவர்கள் அதனை விரும்பவில்லை. ஆகவே நாம் கன்ட்ரி இசை என்றே சொல்லிச் செல்வோம்.

ராட்ஜர்ஸ் பிரிஸ்டலுக்குத் தனியே வரவில்லை. உடன் ஒரு வாத்தியக் குழு வந்திருந்தது. பதிவுக்கு முந்திய இரவில், தட்டின் மீது யார் பெயரை அச்சிடுவது என்ற சச்சரவு அவர்களிடையே எழுந்தது. குழுவினர் தம் பழைய பெயரை விரும்பினர். ராட்ஜர்ஸ் தம் பெயர் முன்னிற்க வேண்டுமென்றார். உறவு முறிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 4-ஆம் தேதி, அவர் கிதாரை மட்டும் கையில் கொண்டு தனியே மைக்ரோபோன் முன் அமர்ந்தார். போரில் மாண்ட வீரனுடைய காதலியைப் பற்றிய பாட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று. இரண்டுக்குமாகச் சேர்த்து 100 டாலர் கிடைத்தது. அன்று அவருக்கு வயது 29. கையில் வேலை இல்லை. நெஞ்சில் காசநோய் இருந்தது.

*

ஜேம்ஸ் சார்லஸ் ராட்ஜர்ஸ் 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்தார். மிஸிஸிப்பி மாநிலத்து மெரிடியன் நகரமே அவருடைய ஊராகக் கருதப்படுகிறது. மெரிடியன் பல ரயில்பாதைகள் கூடும் சந்திப்பு. நம் நாட்டில் விழுப்புரத்தையும் ஈரோட்டையும் அறிந்தவர்க்கு அத்தகைய ஊரின் இயல்பைச் சொல்ல வேண்டுவதில்லை. இரவும் பகலும் எஞ்சின் ஒலி; ஊரில் பாதிப் பேர் ரயில்வே ஊழியர். தந்தை ஆரன் ராட்ஜர்ஸ், நம் வழக்கில் சொல்வதானால், ஒரு கேங் மேஸ்திரி. பாதையின் ஒரு பகுதியைப் பழுதுபார்த்து வைத்திருப்பது அவர் பொறுப்பு. தாய் ஜிம்மியின் இளமையிலேயே இறந்துவிட்டார். தந்தையோ பாதை பாதையாக அலைபவர். பிள்ளை உறவினர் வீடுகளில் வளர்ந்தான் எனினும், மெரிடியன் தெருக்களில் வளர்ந்தான் எனினும் பொருந்தும்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றான். பரிசு தந்த துணிவில், ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் கூத்துக் குழுவொன்றுடன் ஓடிப்போனான். தந்தை தேடிப் பிடித்து வந்தார். பள்ளிக்கூடமா, ரயில்வே வேலையா என்று கேட்டார் எனவும், பையன் ரயில்வே என்றான் எனவும் சொல்வர். பாதை வேலைக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கும் பையனாக அவனைச் சேர்த்துவிட்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அப்பாதையில் வேலை செய்தவர்களுள் மிகப் பலர் கறுப்பின மக்கள். நகர்ந்துபோன தண்டவாளத்தைக் கடப்பாரைகளால் நெம்பி நேராக்குவது அவர்கள் வேலை. பத்துப் பேர் ஒரே கணத்தில் நெம்பினாலன்றித் தண்டவாளம் அசையாது. அதற்காக ஒருவர் பாடுவார். பாட்டின் தாளத்துக்குப் பிறர் நெம்புவர். ஏலேலோப் பாட்டில் வலை இழுப்பவர்களைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஓய்வு நேரத்தில் பாஞ்சோவும் கிதாரும் வெளிப்படும். வாளியும் அகப்பையுமாக நின்ற வெள்ளைக்காரப் பையன் அங்கேதான் கறுப்பினத்தாரின் 'ப்ளூஸ்' என்னும் துயரப் பாட்டின் நடையைக் கற்றான் என்று வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ரயில்பெட்டியில் அமரச் சட்டம் இடங்கொடாத நாட்டில், ரயில்பாதை மட்டும் இருவர்க்கும் பொதுவாக இருந்தது. கற்பித்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை.

பின்னர் ராட்ஜர்ஸ் பிரேக்மன் ஆனார். பெட்டிகளைக் கோத்தல், கழற்றல், பாயின்டுகளைத் திருப்புதல், விளக்கசைத்துக் குறி காட்டுதல், ஓடும் சரக்கு வண்டியின் மேல் ஏறி நடத்தல் ஆகியவை அவ்வேலையின் கூறுகள். மெரிடியனுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே பல காலம் ஓடினார். மழை, பனி, கரிப்புகை, தூக்கமின்மை ஆகிய எதுவும் நெஞ்சுக்கு நல்லதன்று. வேலையும் நிலையாக இல்லை. சரக்குப் போக்குவரத்துக் குறையும்போதெல்லாம் ஆட்களைக் குறைப்பார்கள். இளமையில் செய்துகொண்ட ஒரு திருமணம் விரைவில் முறிந்தது. 1920-இல் பாதிரியார் ஒருவரின் மகளான கேரி வில்லியம்ஸனை மணந்தார். அனிதா, ஜூன் என இரு பெண் குழந்தைகள். ஜூன் ஒரு வயது நிறையுமுன் 1923-இல் இறந்தது. வேலை தேடி வெளியூரில் இருந்த தந்தையின் கையில் ஊர் திரும்பும் காசு இல்லை. பாஞ்சோவை அடகு வைத்து வந்து சேர்ந்தார் என்பது குடும்பத்தார் சொல்லி வந்த செய்தி. தொலைவிலிருந்து தந்தி வரப்பெற்றவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்த ஆண்டு அவர் இரத்தம் கக்கினார். மருத்துவர்கள் காசநோய் என்றனர்.

அந்நாளில் அந்நோய்க்கு மருந்து இல்லை. ஓய்வு, வறண்ட காற்று, நல்ல உணவு என்ற மூன்றே சொல்லப்பட்டன. மூன்றும் பணமுடையார்க்கே வாய்ப்பவை. ஸ்ட்ரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். மருந்து கிடைக்குமாயின் நோயாளி ஆரோக்கிய நிலையத்தில் படுத்திருக்க வேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதைச் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு பின்னாளில் உலகுக்குக் காட்டியது. ராட்ஜர்ஸுக்கு இவை எவையும் உதவவில்லை. மருத்துவமனையில் சில காலம் படுத்துவிட்டு, அவர் மீண்டும் வண்டி ஏறினார். கடற்கரைக் காற்றை நாடிப் புளோரிடா. பாலைவனக் காற்றை நாடி அரிஸோனா. மலைக்காற்றை நாடி வட கரோலினாவின் ஆஷ்வில். சென்றவிடமெல்லாம் ரயில்வே வேலை தேடினார். ஆனால் உடல் அதற்கு இசையவில்லை. அவர் பாட்டைப் பிழைப்பாகக் கொண்டது ரயில் வேலைக்கு உரிய வலிமை போன பின்னரே. தேய்ந்துபோன சுவாசப்பைகள் இரண்டும்தான் இனி அவருக்கு முதல்.

ஆஷ்விலில் புதிதாகத் தொடங்கியிருந்த வானொலி நிலையத்தில் 1927-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாடினார். பின்னர் பிரிஸ்டல் பகுதியிலிருந்து வந்த வாத்தியக்காரர் மூவரைச் சேர்த்துக்கொண்டு வாரந்தோறும் பாடினார். சில வாரங்களில் அந்நிகழ்ச்சி நின்றது. மலையோர விடுதிகளிலும் விருந்துகளிலும் பாடிக் காலந்தள்ளுகையில், பிரிஸ்டலில் ஒலிப்பதிவு நடப்பதை அறிந்தார். அக்குழுதான் முந்திய இரவில் பிரிந்துபோன குழு.

*

பிரிஸ்டல் தட்டு அக்டோபரில் வெளிவந்தது, சுமாராக விற்றது. கம்பெனி அழைக்கும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் தாமே நியூயார்க் சென்று ஒரு ஓட்டலில் இறங்கி, ஊருக்கு வந்திருக்கிறேன், இன்னொரு தட்டுக்கு வசதிப்படுமா என்று பீருக்குத் தொலைபேசினார். ஓட்டல் வாடகை கொடுக்கக் கையில் பணமில்லை. இத்துணிவை நாம் வியக்கிறோம். ஆனால் நாள் எண்ணப்பட்டவரின் அவசரம் அதில் இருந்ததையும் மறுப்பதற்கில்லை. நவம்பர் 30-ஆம் தேதி, நியூ ஜெர்ஸியிலுள்ள காம்டனில் நான்கு பாட்டுகள் பதிவாயின. அவற்றுள் ஒன்று 'ப்ளூ யோடல்' என்ற தலைப்புடன் 1928-இல் வெளிவந்தது. 75 சென்ட் விலையுள்ள அத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. வீட்டில் கிராமபோன் இல்லாதவர்களும் வாங்கி வைத்துக்கொண்டு, இருக்கிற வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்டனர் என்று சொல்வதுண்டு.

அப்பாட்டில் என்ன புதுமை? யோடல் என்பது ஆல்ப்ஸ் மலை இடையர் ஒரு சரிவினின்று மறு சரிவுக்குக் குரல் கொடுத்த முறை. மார்புக் குரலினின்று கள்ளத் தொண்டைக்குச் சடக்கென்று தாவி, மறுபடி இறங்கும். அமெரிக்க நாடக மேடைகளில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேடிக்கையாகப் புகுந்திருந்தது. ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் பாட்டு. முதலடியை இருமுறை பாடி, மூன்றாமடியில் விடையிறுப்பது அதன் பொதுவான அமைப்பு. ராட்ஜர்ஸ் ப்ளூஸ் பாடி, ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும், சொல் தீர்ந்த இடத்தில், யோடலை வைத்தார். வேடிக்கையாக இருந்த யோடல் அவர் வாயில் ஏக்கமாயிற்று. தொலைவில் போகும் ரயிலின் ஊதலை அது நினைவூட்டும் என்பர். யோடல் பாடகர்களும், ப்ளூஸ் பாடிய வெள்ளையரும் அவருக்கு முன்பே உண்டு. ஆகவே எல்லாம் அவர் கண்டுபிடித்தவை என்று விளம்பரம் சொன்னதை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆயினும் கேட்கிறவன் 'இவன் என்னைப்போல் ஒருவன்' என்று எண்ணும்படி அவற்றை ஒன்றாக்கியவர் அவரே. பேசுகிறாற்போலப் பாடினார். இலக்கணப் பிழையை மறைக்கவில்லை. தாளத்தை நினைத்தபடி நீட்டினார், குறுக்கினார். உடன் வாசித்தவர்களுக்கு அது பெருந்தொல்லையாயிற்றாம்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் ப்ளூ யோடல் என்னும் வரிசையில் மட்டும் பதின்மூன்று பாட்டுகள் வந்தன. ஒட்டுமொத்தத்தில் ஏறத்தாழ 110 பாட்டுகளைப் பதிவு செய்தார்.

இங்கே ஒரு வியாபாரச் செய்தியையும் சொல்ல வேண்டும். ரால்ப் பீர் விக்டர் கம்பெனியிடம் செய்துகொண்ட ஏற்பாடு விசித்திரமானது. பதிவுப் பணிக்குப் பெரிய சம்பளம் கேட்கவில்லை. பாட்டுகளின் பதிப்புரிமை தம்மிடம் இருக்கட்டும் என்றார். பதிப்புரிமை வேண்டுமானால் பாட்டு புதியதாக இருக்க வேண்டும். அல்லது புதியதென்று பதிவு செய்யத் தக்கதாக இருக்க வேண்டும். எனவே பாடகர்களிடம், பழைய பாட்டு வேண்டாம், உங்கள் சொந்தப் பாட்டைப் பாடுங்கள் என்றார். இதனால் பாடகருக்கும் பங்குத்தொகை கிடைத்தது. அந்நாள் வழக்கத்துக்கு அது நன்மையே. ஆனால் ரயில்பாதையிலும் பருத்திக் காட்டிலும் யாருடையதென்று இல்லாமல் உலவிய அடிகளும் மெட்டுகளும், முதலில் காகிதத்தில் பெயர் எழுதியவரின் சொத்தாயின. கடப்பாரை பிடித்துப் பாடியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ராட்ஜர்ஸ் வேண்டுமென்றே பிறர் பொருளைக் கவர்ந்தார் என்று நாம் கருதவில்லை. சட்டம் அமைந்திருந்த விதம் அப்படி. எனினும் அவர் புகழைச் சொல்லுங்கால் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பெயர் மறைந்தவர் இன்னும் உண்டு. கேரியின் அக்காள் எல்ஸி மக்வில்லியம்ஸ் இசை எழுதப் படிக்கத் தெரிந்தவர்; ராட்ஜர்ஸுக்கு அது தெரியாது. பதிவு நெருங்கும்போது மைத்துனியை வரவழைப்பார். அவர் பாட்டு எழுதிப் பாடிக் காட்ட, இவர் செவிவழியே கற்றுக்கொள்வார். ராட்ஜர்ஸ் பாடியவற்றுள் சுமார் 40 பாட்டுகளில் எல்ஸியின் கை உண்டு. அவற்றுள் பலவற்றில் அவர் பெயர் காணப்படவில்லை. நோயாளியான தங்கை கணவருக்கு உதவினால் போதும் என்பது அவர் எண்ணம். மற்றொன்று 1930-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி ஹாலிவுட்டில் நிகழ்ந்தது. ஒன்பதாம் ப்ளூ யோடலுக்கு டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் உலகின் பெருங்கலைஞரான லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில் ஹார்டின். கறுப்பினத்தார் தட்டுக்கு ஒரு வரிசை, வெள்ளையர் தட்டுக்கு ஒரு வரிசை என்று கம்பெனிகள் பட்டியலையே பிரித்து வைத்திருந்த காலம் அது. தட்டில் அவ்விருவர் பெயரும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து 1970-இல், ஜானி காஷ் என்னும் கன்ட்ரி பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஆர்ம்ஸ்ட்ராங் மீண்டும் அப்பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தார். இம்முறை பெயரும் முகமும் நாடறிய.

*

பணம் வந்தது, வந்த வழியே போயிற்று. கூடாரக் கொட்டகைகளிலும் நாடக அரங்குகளிலும் பாடினார். ரயில்வே தொப்பியும் உடுப்பும் அணிந்து, 1929-இல் ஒரு குறும்படத்தில் நடித்தார். இன்று நாம் அவரை அசையும் படத்தில் காண்பதற்கு அதுவே வாய்ப்பு. மெலிந்த முகம், நீண்ட காது, எதனையோ பகிர்ந்துகொள்வது போன்ற புன்னகை. நோயாளி என்று சொன்னாலொழியத் தெரியாது. அவர் வைத்திருந்த விலையுயர்ந்த கிதாரின் பின்புறத்தில் 'நன்றி' என்னும் சொல்லைத் தலைகீழாக எழுதச் செய்திருந்தார். பாடி முடித்ததும் கிதாரைத் திருப்பிக் காட்டுவார், சபையோர் நகைப்பர். டெக்ஸாஸ் மாநிலத்துக் கெர்வில் என்னும் மலைப்பாங்கான ஊர், காசநோயாளிகளுக்கு ஏற்ற காற்றுடையதெனப் பெயர் பெற்றது. அங்கே 1929-இல் பெரியதொரு மாளிகை கட்டினார். ஓய்வெடுக்கவே கட்டினார், மாளிகைக்கான செலவை ஈடுகட்ட ஊர் ஊராகப் பாடப் போனார். சில ஆண்டுகளில் அதனை விட்டு, ஸான் ஆன்டோனியோ நகரில் எளியதொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

1931-இன் தொடக்கத்தில் தென்மேற்கு மாநிலங்களை வறட்சி வாட்டியது. நகைச்சுவைப் பேச்சாளர் வில் ராஜர்ஸ் நிதி திரட்டச் சுற்றுப்பயணம் தொடங்கினார். உடன் சென்று பாடியவர்களுள் ராட்ஜர்ஸும் ஒருவர். மருத்துவர் படுக்கச் சொன்ன நாட்கள் அவை.

அந்நாட்களிலேதான், ஜனவரி 31-ஆம் தேதி, ஸான் ஆன்டோனியோவில் தம் நோயைப் பற்றியே ஒரு பாட்டுப் பதிவு செய்தார். நோயின் பெயரையே தலைப்பாக வைத்தார். காசநோய் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லவும் அஞ்சிய காலம் அது. நோயுற்றவரின் தட்டையும் குவளையையும் தனியே வைப்பர், வேலை போகும், வாடகை வீடு கிடைக்காது. நம் நாட்டிலும் மூத்தோர்க்கு இது நினைவிருக்கும். அத்தகைய நோய் தமக்கு உண்டென்றும், அதனுடன் பொருதித் தோற்கிறோம் என்றும் ஒருவர் கடைவீதி தோறும் கேட்கும் தட்டில் பாடினார். அப்பாட்டின் சொற்களில் பெரும்பகுதியை எழுதி அனுப்பியவர் டெக்ஸாஸ் சிறையொன்றில் இருந்த ஒரு கைதி. அடுத்த ஆண்டில் அதே நோயைத் தாம் அடித்து விரட்டிவிட்டதாகப் பெருமை பேசும் மற்றொரு பாட்டைப் பாடினார். முதற்பாட்டே மெய், இரண்டாவது, வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதுவோமே, அத்தகையது. இரண்டினையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு இரண்டாவதே அதிகத் துயரம் தரும் என்பது நம் கருத்து.

இதற்கிடையே நாட்டில் பெரும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. 1927-இல் அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் விற்ற இசைத்தட்டுகள் 1932-இல் சுமார் 60 லட்சமாகச் சுருங்கின. ரொட்டிக்கே வழியில்லாதவர் தட்டு எங்கே வாங்குவர்? ராட்ஜர்ஸின் வருமானம் வீழ்ந்தது. மருத்துவச் செலவு ஏறியது.

1933-ஆம் ஆண்டு மே மாதம், டெக்ஸாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி நியூயார்க் சென்றார். உடன் ஒரு தாதி இருந்தார். மனைவியும் மகளும் ஊரில் இருந்தனர். தம் காலத்துக்குப் பின் அவர்கள் கைக்கு ஏதேனும் வர வேண்டுமானால் இன்னும் சில தட்டுகள் பதிவாக வேண்டும் என்பது அப்பயணத்தின் நோக்கம். மே 17 முதல் 24 வரை, இடையிடையே நாட்களை விட்டுப் பாடினார். பதிவறையில் அவருக்கென ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டுப் பாடுவார், கட்டிலில் சாய்வார், மூச்சு நிலைகொண்டதும் எழுந்து அடுத்ததைப் பாடுவார். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். மூன்று நிமிஷம் இருமாமல் இருந்தால் ஒரு பாட்டு. இவ்வாறு ஒரு டஜன் அளவில் பாட்டுகள் சேர்ந்தன. 24-ஆம் தேதி உடன் வாசிப்பதற்கு வேறு கிதார்க்காரர்கள் இருந்தனர். இறுதிப் பாட்டுக்கு மட்டும் அவர்களை நிறுத்திவிட்டு, பிரிஸ்டலில் முதன்முதல் பாடியது போலவே, தம் கிதாரை மட்டும் துணைகொண்டு பாடினார்.

அத்தட்டுகளைக் கேட்பவர் குரலில் தளர்ச்சியைத் தேடிப் பார்க்கலாம். சிற்சில இடங்களில் காணலாம். ஆனால் யோடல் தாவ வேண்டிய இடத்தில் தாவுகிறது.

25-ஆம் தேதி கடற்கரைக்குச் சென்று வந்தார். 26-ஆம் தேதி விடியுமுன் தம் ஓட்டல் அறையில் காலமானார். வயது 35. உடல் ரயிலில் மெரிடியன் சென்றது. நள்ளிரவில் ஊரை நெருங்கும்போது எஞ்சின் ஓட்டுநர் ஊதலைத் தாழ்ந்த குரலில் நீட்டி ஒலிக்கச் செய்தார் என்றும், நிலையத்தில் ரயில்வேத் தோழர்கள் காத்து நின்றனர் என்றும் ஒரு வழக்கு உண்டு. மரித்த ரயில்வேக்காரனுக்கு அவ்வூரார் வேறு என்ன மரியாதை செய்திருக்க முடியும்? சிறு குழந்தை ஜூன் உறங்கும் இடத்தருகே அவரை அடக்கம் செய்தனர்.

கேரி 1935-இல் கணவரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், டெக்ஸாஸ் இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். ராட்ஜர்ஸின் தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றவர் அவர். கேரி அவரைக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்ததோடு, கணவரின் கிதாரையும் அவர் கையில் கொடுத்தார். அவ்விளைஞர் எர்னஸ்ட் டப். பல ஆண்டுகள் அக்கிதாருடனேயே மேடையேறினார். 1961-இல் கன்ட்ரி இசைப் பெருமக்களுக்கென ஒரு புகழ்மண்டபம் அமைக்கப்பட்டபோது, முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவருள் ராட்ஜர்ஸ் ஒருவர். 1978-இல் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளிவந்தது. எல்ஸியின் பெயர் 1979-இல் பாடலாசிரியர் வரிசையில் ஏற்றப்பட்டது. அதனைக் காண அவர் உயிருடன் இருந்தார்.

அவருடைய தட்டுகள் அமெரிக்காவோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நம் இந்தியாவிலும் வெளியிடப்பட்டன. சில தட்டுகள் ஐரோப்பியர் கைவழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குச் சென்று, அங்குள்ள கிப்சிகிஸ் மக்களின் செவியில் விழுந்தன. 1950-ஆம் ஆண்டு, ஆப்பிரிக்க இசையைத் திரட்டி வந்த ஹ்யூ டிரேஸி என்னும் அறிஞர் அவர்கள் நாட்டில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். இளம்பெண்கள் சிலர் யாழ் போன்றதொரு நரம்புக் கருவியுடன் வந்து ஒரு பாட்டுப் பாடினர். அதில் 'செமிரோச்சா' என்னும் பெயர் வந்தது. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பதே அவர்கள் வாயில் அவ்வாறு திரிந்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பாடி, மனிதக் குரலில் தொடங்கி மனிதக் குரலல்லாத ஒன்றுக்குத் தாவுகிறவன் பாதி மனிதனும் பாதி மானுமாகவே இருக்க வேண்டும் என அம்மக்கள் கருதியிருந்தனர். அவனை வந்து ஆடும்படி அப்பெண்கள் அழைக்கின்றனர். டிரேஸியின் ஒலிப்பதிவில் அப்பாட்டு ஒன்றரை நிமிஷ அளவே. அவன் ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதோ, பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவன் என்பதோ அவர்கள் பாட்டில் இல்லை.